ஒரு வண்டி எருவும் மலபரிபாகமும்

சென்ற ஆண்டு தை அறுவடை முடிந்து, வயல்களில் தாள் மட்டும் நின்றுகொண்டிருந்த ஒரு காலை வேளையில், கும்பகோணத்துக்கு மேற்கே உள்ள எங்கள் வீட்டின் கொல்லையில் ஒரு டிராக்டர் பெட்டி நிறைய எரு வந்து இறங்கிற்று. "நல்லா மக்கின எரு, போட்ட மறுநாளே நாற்று நடலாம்" என்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தார். மேலாக ஒரு பிடி அள்ளி உதிர்த்துப் பார்த்தபோது எனக்கும் அது மெய்யென்றே பட்டது. எங்கள் கொல்லையில் அவ்வப்போது மண்வேலை செய்து தரும் பெரியவர் ஒருவர் அந்தக் குவியலை ஒருமுறை சுற்றி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, வலக்கையை முழங்கை வரையில் அதனுள் செலுத்தி, நாடி பார்க்கும் வைத்தியரைப் போலச் சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். வெளியே எடுத்த கையிலிருந்து இலேசாக ஆவி எழுந்தது.

"ஐயா, உள்ள கொதிக்குது. இதுக்கு இன்னும் வயசு வரலை. மூணு மாசம் மூடிப்போட்டு வச்சிருங்க" என்றார்.

"நாற்று தயாரா நிக்குதே, பெரியவரே" என்றேன் நான். அவர் மறுத்துப் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நான் சொன்னபடியே பரப்பத் தொடங்கினார்.

எட்டாம் நாள் கத்தரி நாற்றுகளின் இலை விளிம்பு, விளக்குச் சுடரில் காட்டி எடுத்தாற்போல் பழுப்பேறிற்று. பதினைந்தாம் நாள் நாற்பது நாற்றுக்குப் பதினொன்றுதான் நிமிர்ந்து நின்றன. ஒன்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தேன். வெண்ணூல் போல் இருக்க வேண்டிய வேர், நுனியெல்லாம் கருகி, விரலால் நீவினால் தோல் கழன்று வந்தது. வெண்டை விதைகள் முளைக்காமலே மண்ணுக்குள் கூழாகிப் போயின. பச்சைச் சாணியிலிருந்து கிளம்பும் அம்மோனியா இளவேரைச் சுடும் என்பதும், பாதி மட்கிய வைக்கோலைத் தின்னப் புகும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பறித்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும் என்பதும் நான் புத்தகத்தில் படித்து அறியாத செய்திகள் அல்ல, அறிந்திருந்தும் அவசரப்பட்டேன்.

போன பணம் பெரிதன்று. ஆனால் அந்த இருபத்தொன்பது நாற்றுகளும் பட்டுப்போன பின்பு ஒரு விசாரம் என்னைப் பற்றிக்கொண்டது. நான் விலை கொடுத்து வாங்கியது எதை? சாணத்தையும் வைக்கோலையும் சாம்பலையும் வாங்கினேன்; அவற்றை எருவாக்குகிற அந்தப் பக்குவத்தை வாங்கினேனா? அது விற்பவரிடம் இருந்ததா? இருந்திருந்தால் அவருடையது என்று சொல்லத்தக்கதா? பக்குவம் என்பது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் பெயரக்கூடிய பொருளா?

இப்படிக் கேட்பதனால், எருவை விலைக்கு வாங்குவதே பிழை என்று நான் கருதுவதாக யாரும் எண்ண வேண்டாம். எங்கள் கொல்லை இரண்டு சென்ட். ஏறக்குறைய 870 சதுர அடி. அதன்மேல் ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பினாலும் எழுபது கன அடிக்கு மேல் எரு வேண்டும். வீட்டில் சேரும் காய்த்தோலும் இலைச்சருகும் பூசைப் பூவும் ஆண்டு முழுவதும் குழியில் இட்டு வந்தாலும், மட்கி ஒடுங்கிய பின் நாலைந்து சாக்குக்கு மேல் தேறுவதில்லை. மாடு இல்லாத வீட்டுக்காரன் மாடுள்ளவரிடம் போய் நிற்கத்தான் வேண்டும். நம் முன்னோரும் அப்படியே நின்றார்கள். அறுவடைக்குப் பின் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு சோழநாட்டு வயல்களுக்கு வருவதும், நிலத்துக்காரர் இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று நெல்லோ பணமோ பேசிக் கிடை போடச் சொல்வதும் நெடுங்கால வழக்கம். அங்கேயும் விலை உண்டு; ஆனால் அந்த விலை ஆடுகள் வயலில் படுத்துக் கிடக்கும் இரவுக்கே அன்றி, எருவின் முதிர்ச்சிக்கு அன்று. புழுக்கையும் சிறுநீரும் விழுந்த பின், உழுது மடக்கி, அடுத்த பருவத்து நீர் வரும்வரை வயல் காத்திருக்கும். காத்திருப்பதை ஒருவரும் விற்கவில்லை, ஒருவரும் வாங்கவுமில்லை.

வள்ளுவர் உழவைப் பற்றிய அதிகாரத்தில் அடுத்தடுத்த இரண்டு குறட்பாக்களில் எருவைப் பேசுகிறார். முன்னதில், உழுத புழுதி காற்பங்காகச் சுண்டும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கிறார். பின்னதிலோ எருவிடுதலை உழுதலுக்கும் மேலாக வைக்கிறார். இவை முரணோ என்று இளமையில் மயங்கியதுண்டு. இப்பொழுது பார்க்கையில், முன்னது காலத்தின் வேலையையும் பின்னது மனிதனின் வேலையையும் சொல்லுகின்றன என்றே தோன்றுகிறது. வெயிலில் கிடந்து காய்வது நாம் செய்யக்கூடியதன்று, விட்டுவிடக்கூடியது. கூடையில் அள்ளிச் சென்று இடுவது நாம் செய்ய வேண்டியது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதுதான் என் தவறு.

சைவ சித்தாந்த சாத்திரங்களைச் சிறிதளவேனும் பயின்றவர்களுக்கு மலபரிபாகம் என்ற சொல் புதிதல்ல. மலம் என்றால் அழுக்கு. உயிரை அநாதியாகவே பற்றி நிற்கும் ஆணவத்துக்குச் சித்தாந்திகள் வழங்கிய பெயர் அது; கன்மம், மாயை என்னும் மற்றிரண்டையும் சேர்த்து மும்மலம் என்பர். பரிபாகம் என்றால் நன்றாக வேகுதல், முதிர்தல், பக்குவப்படுதல். அழுக்கு தன் வன்மை குன்றி முதிர்கிற நிலையே மலபரிபாகம். அது நேர்ந்தவிடத்து இறைவனின் அருட்சத்தி உயிரில் பதியும் என்றும், அதுவே சத்திநிபாதம் என்றும் கூறுவர். நான் பல ஆண்டுகள் இந்தச் சொல்லைப் படித்தும் சொல்லியும் வந்திருக்கிறேன். ஆயினும் மலம் முதிர்வதை என் கண்முன்னே, என் கொல்லையில், ஆவி எழக் கண்ட பிறகே அதன் உட்பொருள் எனக்கு உறைத்தது.

சித்தாந்தம் இதில் இரண்டு நுட்பங்களைச் சொல்லுகிறது. ஒன்று, மலம் அழிவதில்லை; அதன் சத்தி மட்டுமே அடங்குகிறது. முத்தி நிலையிலும் ஆணவம் இல்லாமற் போய்விடுவதில்லை, சூரியன் முன் இருள்போல் செயலற்றுக் கிடக்கிறது என்பது அவர்கள் கொள்கை. எருக்குழியும் இதையேதான் காட்டுகிறது. சாணமும் வைக்கோலும் அழுகிய பழமும் எங்கேயும் போய்விடவில்லை. ஒரு பங்கு காற்றில் கலந்து ஆவியாகிப் போனாலும், எஞ்சியது அங்கேயே இருக்கிறது. ஆனால் மூக்கைப் பிடிக்க வைத்த நாற்றமும் வேரைச் சுட்ட வெம்மையும் எங்கோ ஒடுங்கிவிட்டன. அந்த இடத்தில் முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனை வருகிறது. அதைத் தருவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர் இனம் உண்டாக்கும் ஒரு பொருள். 1965-இல் அதற்கு ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். எரு முதிர்ந்ததற்கு அந்த வாசனையைவிட நம்பத்தக்க சாட்சி இல்லை.

இரண்டாவது நுட்பம், மலத்தை முதிர்விப்பது உயிரின் சாமர்த்தியம் அன்று என்பது. இறைவனின் திரோதான சத்தி, அதாவது மறைப்பாற்றல், மலத்தோடு உடன்நின்று அதை முதிரச் செய்கிறது. அருளின் ஒரு வடிவமே மறைத்தல் தொழிலாக நிற்கிறது என்ற இந்தக் கருத்து எளிதில் மனம் கொள்ளாதது. நமக்கு அருள் என்றால் ஒளி. மறைப்பு என்றால் இருள். மூடிய குழியின் உள்ளே நடப்பதைப் பார்த்தவர்க்கு அந்தத் தயக்கம் குறையும். வெளிச்சத்தில் விரித்துப் போட்ட சாணம் வெறுமனே காய்ந்து வரட்டியாகிறது. மூடி மறைத்த சாணமே வெந்து எருவாகிறது.

வெந்து என்று உபசாரமாகச் சொல்லவில்லை. குவியல் கூடிய சில நாளில் அதன் நடுவில் வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரையில் ஏறுகிறது. அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் மாய்கின்றன. சூட்டையே விரும்பி வாழும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி, தம் வேலையை முடித்து, உணவு தீர்ந்ததும் தாமும் ஒடுங்குகின்றன. பின் வெப்பம் மெல்ல இறங்குகிறது. பூசணங்களும் மண்புழுக்களும் உள்ளே வருகின்றன. ஒருவரும் மூட்டாத இந்த நெருப்பை நினைக்கும்போது, அதே சாணத்துக்கு நம் சமயம் காட்டிய மற்றொரு நெருப்பும் நினைவுக்கு வருகிறது. திருநீற்றைக் கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என நான்காக வகுத்த சைவர்கள், முதலாவதற்குச் சொன்ன விதி மிகவும் நுண்ணியது: நோயற்ற பசுவின் சாணத்தை நிலத்தில் விழாமல் தாமரையிலையில் ஏந்தி, உலர்த்தி, சிவாக்கினியில் எரிக்க வேண்டும். நிலத்தைத் தொடாத சாணம் ஒரு தீயில் புகுந்து நெற்றிக்கு வருகிறது. நிலத்தில் விழுந்த சாணம் மற்றொரு தீயில் புகுந்து வேருக்குப் போகிறது. முன்னதைப் புனிதம் என்றும் பின்னதைக் குப்பை என்றும் பிரித்தது நம்முடைய பழக்கமே. பசுவுக்கு அந்தப் பேதம் தெரியாது.

அந்தப் பேதம் மனிதர்மீதும் விழுந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு பொறுப்பதில்லை. எருக்கூடையைத் தலையில் சுமந்து வயலுக்குக் குப்பை அடித்த கைகளாலேதான் நமக்குச் சோறு விளைந்தது. அந்தக் கைகளுக்கு உரியவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் விளைத்த அரிசியை நைவேத்தியமாகப் படைத்தோம். நாடு விடுதலை பெற்ற அதே 1947-ஆம் ஆண்டு டிசம்பரில், பிரிவினையின் இரத்தம் உலராத டில்லி நகரத்தில், காந்தியடிகளின் சீடர் மீராபென் எண்ணத்தில் உதித்து, ராஜேந்திர பிரசாத் தலைமையில், கம்போஸ்ட் உரத்துக்கென்றே ஓர் அகில இந்திய மாநாடு கூடிற்று. காந்தியடிகள் அதை மனமார வரவேற்றார். குப்பை எருவாகும் வழியை நாடு கற்றுக்கொண்டால், குப்பையைத் தொடுபவனைத் தாழ்ந்தவன் என்னும் பாவமும் நீங்கும் என்ற நம்பிக்கை அவர் வாழ்வு முழுவதும் பேசியதோடு இசைந்தது. அந்தப் பாவம் இன்றும் முற்றிலும் மட்கவில்லை.

உயிரின் செயல் மலத்தை முதிர்விக்காது என்றால், நாம் செய்வதற்கு என்னதான் இருக்கிறது என்று ஓர் ஆக்ஷேபம் எழும். கோயில் தொண்டாகிய சரியையும் பூசையாகிய கிரியையும் எதற்கு? குவியலின் அருகே நின்று பார்த்தால் இதற்கும் ஒருவாறு விடை கிடைக்கிறது. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1905-இல் இந்தியாவுக்கு வந்து பீகாரிலுள்ள பூசாவில் வேலை பார்த்து, 1924-இல் இந்தூரில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து இந்தூர் முறை என்ற எரு முறையை வகுத்தார். 1931-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். நம் நாட்டு உழவர்களையே தம் ஆசிரியர்களாக ஏற்றதாக அவர் மனந்திறந்து சொன்னதற்காகவே நான் அவரிடம் பெருமதிப்பு வைத்திருக்கிறேன். அவர் முறையில் செடித்தழைகளையும் சாணத்தையும், கோமூத்திரம் ஊறிய மண்ணையும் சாம்பலையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, மூன்று முறை கிளறிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு முதிரும். கிளறுவது எதற்கு? கிளறுபவன் எதையும் வேகவைப்பதில்லை. உள்ளே காற்றுப் புகுவதற்கு வழி செய்கிறான், அவ்வளவே. காற்றுப் புகாமல் தண்ணீர் தேங்கிய குவியல் முடைநாற்றம் வீசி அழுகும். காற்றும் ஈரமும் அளவோடு அமைந்தது வெந்து மணக்கும். வேலை செய்வன நம் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவன்கள். அவற்றுக்கு இடைஞ்சல் செய்யாதிருப்பதும், வேண்டிய காற்றையும் நீரையும் தருவதுமே நம் கடமை. விடியலில் எழுந்து கோயில் முற்றத்தைக் கூட்டுகிறவனும் பூத்தொடுக்கிறவனும் செய்வது இதற்கு ஒப்பானது என்று எனக்குப் படுகிறது: தன்னுள் இறுகிப்போன ஒன்றைக் கிளறி, காற்றுப் புக விடுகிறான், முதிர்வது அவன் கையில் இல்லை.

மற்றொரு முறையும் உண்டு. 1939-இல் பெங்களூரில் ஆசார்யா என்னும் விஞ்ஞானி வகுத்தது அது. குழியில் குப்பையையும் மலத்தையும் அடுக்கி, மேலே மண்ணால் மெழுகி மூடி, பின் தொடாமல் விட்டுவிடுவார்கள். கிளறுவதில்லை, நீர் தெளிப்பதில்லை. அதற்கு இந்தூர் முறையினும் இருமடங்குக் காலம் ஆகும். ஆனால் எருவாவதில் ஐயம் இல்லை. ஓயாமல் தன்னைக் கிளறிக்கொண்டே பக்குவப்படும் அடியார்களும் உண்டு. மெழுகிய குழிபோல் அமைதியாக, வெளிக்கு ஒன்றும் தெரியாமல், நெடுங்காலம் இருந்து முதிர்ந்துவிடுபவர்களும் உண்டு. என் பாட்டி இரண்டாவது வகை. ஒரு தோத்திரமும் அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. எண்பதாவது வயதில் அவள் அருகே உட்கார்ந்தால் கோபம் தணிந்துவிடும்.

எனவே, பக்குவத்தை விலைக்கு வாங்கலாமா என்ற கேள்விக்கு நான் கண்ட விடை இது: வாங்க முடியாது, ஆனால் உறை வாங்கலாம். மோர் இல்லாத நாளில் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி வந்து, நம் வீட்டுப் பாலில் இட்டு, இரவு முழுவதும் மூடி வைக்கிறோம். தயிராவது நம் பால், ஆக்குவது இரவு, வாங்கி வந்தது ஒரு கரண்டிதான். இந்தூர் முறையிலும், வெந்துகொண்டிருக்கும் பழைய குவியலிலிருந்து சிறிது எடுத்துப் புதிய குவியலில் தூவுவது வழக்கம். நல்லோர் கூட்டுறவு என்று பெரியோர் சொன்னதும் இதுபோலத்தான் இருக்க வேண்டும். அடியார் ஒருவரின் முதிர்ச்சியை நாம் பெற்றுக்கொள்ள இயலாது. அவர் அருகிலிருந்து ஒரு கரண்டி நம்முள் விழலாம்.

பெரியவர் சொன்ன சொல்லை மூன்று வாரம் கழித்துக் கேட்டேன். பரப்பிய எருவில் வாரக்கூடியதை வாரி, மீதியோடு சேர்த்து, மாமரத்து நிழலில் நான்கடி உயரத்துக்குக் குவித்தோம். வாரும்போது கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழுக்கள் பல வெளிவந்தன. தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் குஞ்சுகள் அவை என்று பெரியவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டார். பாலிதீன் பைகளும் வந்தன. சாணத்தோடு சாணமாக மாதக்கணக்கில் கிடந்தும், கழுவினால் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே பளபளத்தன. வேகவும் மாட்டாது, ஒடுங்கவும் மாட்டாது, ஒன்றுக்கும் உணவாகவும் மாட்டாது. சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் இறைவனின் அழித்தல் தொழிலை உயிர்களின் இளைப்பைப் போக்குவதற்காகச் செய்யும் கருணை என்று விளக்கினார். அந்தக் கருணை எட்டாத பொருளை முதன்முதலில் செய்தவர்கள் நாம்தான் என்று நினைக்கையில் கை கூசிற்று.

வீட்டுக் குப்பையோடு அருகிலுள்ள சிவன் கோயிலில் சுவாமிக்குச் சூட்டிக் களைந்த நிர்மாலியத்தையும் கேட்டு வாங்கி அந்தக் குவியலில் சேர்த்தோம். நிர்மாலியத்துக்கு உரியவர் சண்டேசுவரர். சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர் என்னும் சிறுவர், இடையன் ஒருவன் பசுவை அடிப்பதைக் கண்டு பொறாமல் மேய்க்கும் தொழிலைத் தாமே ஏற்று, மண்ணியாற்று மணலில் ஆத்திமரத்தின்கீழ் இலிங்கம் அமைத்து வழிபட்டார். இறைவன் அவருக்கு அளித்த பரிசோ, தான் உண்ட மிச்சமும் உடுத்தியதும் சூடிக் களைந்ததும்தான். மாடு மேய்த்த பிள்ளைக்குக் கிடைத்த மிகப்பெரிய வரம் மிச்சம். வாடிய வில்வத்தையும் செவ்வரளியையும் சாணத்தின்மேல் பரப்பியபோது, அவர் சந்நிதியில் கைதட்டுவது போலவே மெல்ல ஒருமுறை தட்டிவிட்டு வந்தேன்.

வைகாசி பிறந்து, ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பெரியவர் வந்தார். முன்போலவே குந்தி, கையை முழங்கை வரையில் விட்டார். இம்முறை கண்ணை மூடவில்லை. ஒரு பிடி எடுத்து முகர்ந்து, என் பக்கம் நீட்டினார், நானும் முகர்ந்தேன். நான்கடிக் குவியல் இரண்டடியாகத் தணிந்திருந்தது.

"இப்ப இடலாமா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"இடலாம், ஐயா" என்று சொல்லிக் கூடையை எடுத்தார். முதற்கூடையை மட்டும் பாத்திக்குக் கொண்டுபோகாமல், வேலியோரத்துக் காலிக் குழியின் கரையில் கொண்டுபோய் வைத்து, "இது அடுத்த குழிக்கு" என்றார்.